ஆள்களப் பெயர்ப் பட்டியல்களைக் கட்டளைவரியில் வரிசைப்படுத்தல்

கட்டளைவரி ஆள்களப் பெயர் வரிசைப்படுத்தல் என்பது, வரிக்கு ஒன்றாக இணைய ஆள்களப் பெயர்கள் எழுதப்பட்ட உரைக்கோப்பை, யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் உள்ள சிறு கட்டளைகளைக் கொண்டு ஒழுங்குபடுத்தும் முறையாகும். எரித மின்னஞ்சல் தடைப்பட்டியல்களை ஒன்றுசேர்த்தல், தீச்சுவர்களுக்கும் பதிலி வழங்கிகளுக்கும் பட்டியல் அணியம் செய்தல், வழங்கிப் பதிகைகளில் இருந்து பெயர்களைத் தொகுத்தல் முதலிய பணிகளில் இது அன்றாடம் தேவைப்படுகிறது.

ஆள்களப் பெயர் ஒன்றின் பொருள் வலப்புறம் தொடங்கி இடப்புறமாக விரிகிறது. வரிசைப்படுத்தும் கட்டளையோ இடப்புறம் தொடங்கி வலப்புறமாக ஒப்பிடுகிறது. இம்முறையில் எழும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த முரணில் இருந்தே பிறக்கின்றன. இவற்றுள் பல பிழைச்செய்தி எதனையும் காட்டுவதில்லை. ஒழுங்காகத் தோன்றும் பட்டியலே கிடைக்கும், ஆனால் அதில் சில பெயர்கள் விடுபட்டோ மிகையாகவோ இருக்கும்.

பெயரின் அமைப்பு

ஆள்களப் பெயர் முறைமையை 1983 ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இன்று வழக்கில் உள்ள அடிப்படை வரையறைகள் 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1034, ஆர்எஃப்சி 1035 ஆகிய ஆவணங்களாக வெளியாயின. இவற்றின்படி ஒரு பெயர் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட பல கூறுகளைக் கொண்டது. ஒரு கூறு 63 எண்மிகளுக்கும், முழுப்பெயர் 255 எண்மிகளுக்கும் மேற்படலாகாது. வலக்கோடியில் இருப்பது மேல்நிலைக் கூறு. அதற்கு இடப்புறம் உள்ள ஒவ்வொரு கூறும் தன் வலப்புறக் கூறுக்கு உட்பட்டது. முழுமையாக எழுதும்போது பெயரின் இறுதியில் வேரைக் குறிக்கும் ஒரு புள்ளியும் வரும். பொது வழக்கில் இப்புள்ளி விடப்படுகிறது.

பெயரை மறுதலையாக எழுதும் வழக்கமும் இருந்துள்ளது. ஐக்கிய இராச்சியத்தின் பல்கலைக்கழகங்களை இணைத்த ஜானெட் வலையமைப்பு, நாட்டின் குறியீட்டை முதலிலும் துறையின் பெயரைக் கடைசியிலும் வைத்து எழுதியது. அங்கு பல பெயர்கள் கணினியியல் துறையைக் குறிக்கும் 'சிஎஸ்' என்னும் கூறில் முடிந்தன. செக்கோசுலோவாக்கியாவுக்கு அதே ஈரெழுத்துக் குறியீடு வழங்கப்பட்டபின், ஒரு மடல் பக்கத்துத் துறைக்கு உரியதா வேறு நாட்டுக்கு உரியதா என்னும் குழப்பம் எழுந்தது. ஜானெட் பின்னர் இணையத்தின் முறைக்கு மாறிவிட்டது. எனினும், வரிசைப்படுத்தலைப் பொறுத்தவரை அதன் முறையே வசதியானது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும் பெயர்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டிருப்பினும், கணினியில் அவை இலத்தீன் எழுத்துகளில் அமைபவை என்று கொள்ளவேண்டும். 'எக்சாம்பிள்' என்னும் பெயர் இத்தகைய விளக்கங்களுக்கென 1999 ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 2606 மூலம் ஒதுக்கப்பட்டது.

பயன்படும் கருவிகள்

முதன்மையான கருவி 'சார்ட்'. இது 1971 ஆம் ஆண்டின் முதல் யுனிக்ஸ் பதிப்பிலேயே இடம்பெற்றது. அடுத்தடுத்த ஒரே வரிகளுள் ஒன்றை மட்டும் விட்டுவைப்பது 'யூனிக்'. எழுத்துகளை மாற்றீடு செய்வது 'டிஆர்'. ஒவ்வொரு வரியையும் பின்னிருந்து முன்னாகத் திருப்புவது 'ரெவ்'. 1977 இல் உருவான 'ஆக்' ஒரு சிறு நிரல்மொழி. வரியைக் கூறுகளாகப் பிரித்து வேண்டிய வரிசையில் அச்சிட அது உதவும். இரு பட்டியல்களை ஒப்பிட 'காம்' என்னும் கட்டளை உண்டு. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இதற்கும் .காம் ஆள்களத்துக்கும் தொடர்பில்லை. 1973 முதல் யுனிக்ஸில் உள்ள குழாய் வசதியால் இவற்றைத் தொடுத்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கலாம்.

பட்டியலைச் செப்பனிடுதல்

வெவ்வேறு இடங்களில் இருந்து பெற்ற பட்டியல்களை உள்ளபடியே வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் பலமுறை வரும். ஆள்களப் பெயர்களில் ஆங்கிலப் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வேறுபாடு இல்லை, 'சார்ட்' கட்டளைக்கோ வேறுபாடு உண்டு. எனவே முதலில் 'டிஆர்' கொண்டு அனைத்தையும் சிற்றெழுத்தாக்குவது வழக்கம். வரியிறுதி வெற்றிடங்களையும் வேர்ப்புள்ளியையும் எல்லா வரிகளிலும் ஒரே முறையில் நீக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடையூறு ஒன்றும் உண்டு. விண்டோஸ் கணினிகளில் உருவான உரைக்கோப்புகளில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் குறியெண் 13 கொண்ட நகர்த்தித் திரும்பல் குறி இருக்கும். திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இரு பெயர்கள் இக்குறியால் வேறாகிவிடும். அப்போது 'யூனிக்' இரண்டையும் விட்டுவைக்கும். 'காம்' இரு பட்டியல்களுக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லை என்று காட்டும். ஆயிரக்கணக்கான பெயர்கள் பொதுவாக இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று வந்தால் முதலில் ஐயுறவேண்டியது இக்குறியையே.

புலங்களைக் கொண்டு வரிசைப்படுத்தல்

செப்பனிட்ட பட்டியலை எவ்வித விருப்பமும் இன்றி வரிசைப்படுத்தினால் கிடைப்பது இது:

எக்சாம்பிள்-ஷாப்.காம்
எக்சாம்பிள்.காம்
எக்சாம்பிள்.ஆர்க்
மெயில்.எக்சாம்பிள்.காம்
மெயில்.எக்சாம்பிள்.ஆர்க்

அகரவரிசை சரியே. ஆனால் .காம், .ஆர்க் ஆகியவை கலந்துவிட்டன. ஒரே ஆள்களத்தின் உறுப்புகள் சிதறிவிட்டன.

'சார்ட்' கட்டளையின் 'டீ' விருப்பம் புலங்களைப் பிரிக்கும் குறியையும், 'கே' விருப்பம் எந்தப் புலத்தைக் கொண்டு ஒப்பிடவேண்டும் என்பதையும் குறிக்கின்றன. புள்ளியைப் பிரிகுறியாக்கி, மூன்றாம் புலம், இரண்டாம் புலம், முதற்புலம் என்ற முறையில் ஒப்பிடச் செய்வது பலரும் முதலில் முயலும் வழி. எல்லாப் பெயர்களிலும் மூன்றே கூறுகள் இருந்தால் இது பொருந்தும். பெயர்களின் நீளம் மாறும் பட்டியலில் பொருந்தாது. 'சார்ட்' புலங்களை இடமிருந்தே எண்ணும். வலமிருந்து எண்ணச் சொல்ல வழியில்லை.

'கே' விருப்பத்தில் தொடக்கப் புலத்தை மட்டும் கொடுத்து முடிவுப் புலத்தைக் கொடாமல் விட்டால், ஒப்பீடு அப்புலத்தோடு நில்லாது வரியிறுதி வரை செல்லும். இதனினும் தீங்கானது, ஒற்றைப்படுத்தும் 'யூ' விருப்பத்தை இதனுடன் சேர்ப்பது. 'யூ' முழுவரியைப் பார்ப்பதில்லை, 'கே' குறித்த புலத்தை மட்டுமே பார்க்கிறது. இரண்டாம் புலத்தைக் குறித்து 'யூ' சேர்த்தால், அப்புலத்தில் ஒரே சொல்லைக் கொண்ட எல்லா வரிகளுள்ளும் ஒன்று மட்டும் எஞ்சும், மற்றவை போய்விடும். ஆகவே ஒற்றைப்படுத்தலைத் தனிப்படியாகச் செய்வதே நன்று.

பெயரைத் திருப்புதல்

பொதுவாகக் கையாளப்படும் தீர்வு, பெயரைத் திருப்பி, வரிசைப்படுத்தி, மீண்டும் திருப்புவது. இதனை இருவகையில் செய்யலாம்.

முதல்வகை 'ரெவ்', 'சார்ட்', 'ரெவ்' என மூன்று கட்டளைகளைக் குழாயில் தொடுப்பது. தட்டச்சிடச் சில நொடிகளே ஆகும் என்பதால் பலரும் விரும்புவது இது. ஒரே ஈறு கொண்டவை இதில் ஒன்றுசேரும். ஆனால் இது கூறுகளை அன்றி எழுத்துகளையே திருப்புவதால், ஒரே தாய்ப்பெயரின் கீழ் உள்ளவை தம் கடைசி எழுத்தின்படி நிற்கும். இயைபுத் தொடையில் அடிகள் ஈற்றொலியால் ஒன்றுவது போன்ற அமைப்பு இது. படிப்பவருக்கு அகரவரிசை கிட்டாது.

இரண்டாம் வகை 'ஆக்' கொண்டு வரியைப் புள்ளிகளில் பிரித்துக் கடைசிக் கூறில் இருந்து முதற்கூறு வரை அச்சிடுவது. மெயில்.எக்சாம்பிள்.காம் என்பது காம்.எக்சாம்பிள்.மெயில் என்றாகும். கூறுகளின் எண்ணிக்கை எதுவாயினும் இது பொருந்தும். ஜாவா நிரல்மொழியின் தொகுதிப் பெயர்கள் இவ்வடிவிலேயே எழுதப்படுகின்றன. கூகுள் 2006 இல் வெளியிட்ட பிக்டேபிள் ஆய்வுரையில், வலைப்பக்கங்களின் திறவுகோல்கள் இவ்வாறு திருப்பி வைக்கப்படுவதால் ஒரே ஆள்களத்தின் பக்கங்கள் அருகருகே சேமிக்கப்படுவதாக விளக்கப்பட்டுள்ளது. இணைய ஆவணகத்தினர் கையாளும் 'சர்ட்' என்னும் முகவரி வடிவமும் வரிசைப்படுத்தலுக்கு ஏற்ப முகவரியைத் திருப்புவதற்காக எழுந்ததே.

இடைக்கோட்டால் எழும் சிக்கல்

கூறுகளைத் திருப்பியபின்னும் ஒரு பிழை எஞ்சுகிறது. ஆஸ்கி குறிமுறையில் இடைக்கோட்டின் எண் 45. புள்ளியின் எண் 46. எண்ணிலக்கங்கள் 48 இல் தொடங்குகின்றன. சிற்றெழுத்துகள் 97 இல் தொடங்குகின்றன. ஆள்களப் பெயரில் வரக்கூடிய குறிகளுள் இடைக்கோடு ஒன்றே புள்ளிக்கு முன் நிற்கிறது. ஆகவே திருப்பிய பெயர்களைப் பைட்டு வரிசையில் அடுக்கினால் பின்வருமாறு அமையும்:

காம்.எக்சாம்பிள்
காம்.எக்சாம்பிள்-ஷாப்
காம்.எக்சாம்பிள்.மெயில்

வேறொருவருக்கு உரியதாக இருக்கக்கூடிய எக்சாம்பிள்-ஷாப், தாய்ப்பெயருக்கும் அதன் உட்பெயருக்கும் இடையில் புகுந்துவிட்டது. இடைக்கோடு உள்ள பெயர்கள் குறைவாக உள்ள சிறிய பட்டியலில் இது கண்ணில் படாது. சோதனையில் சரியாக வந்த நிரல் பெரிய பட்டியலில் தவறுவதற்கு இது ஒரு காரணம்.

தீர்வுகள் இரண்டு. வரிசைப்படுத்துமுன் புள்ளிகளை எல்லாம் குறியெண் 9 கொண்ட தத்தல் குறியாக மாற்றி, பின்னர் மீண்டும் புள்ளியாக்கலாம். தத்தல் குறி இடைக்கோட்டுக்கும் எழுத்துகளுக்கும் முற்பட்டது. ஆதலால் தாய்ப்பெயர், அதன் உட்பெயர்கள், அதன்பின் எக்சாம்பிள்-ஷாப் என்ற சரியான மரவமைப்பு கிடைக்கும். மற்றொன்று, திருப்பிய ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் ஒரு புள்ளியைச் சேர்ப்பது. அப்போது எக்சாம்பிள்-ஷாப் முன்னே சென்றுவிடும். எக்சாம்பிளும் அதன் உட்பெயர்களும் பிரியாமல் தொடரும். உடன்பிறப்புப் பெயர்களின் முறை சிறிது மாறினாலும் குடும்பம் சிதறாது. செப்பனிடும்போது நீக்கிய புள்ளியைப் போன்ற ஒன்றை இங்கே மறுமுனையில் மீண்டும் ஒட்டவேண்டியிருப்பது இம்முறையின் ஒரு வேடிக்கை.

உட்பெயர்களை நீக்குதல்

தாய்ப்பெயர் பட்டியலில் இருந்தால் அதன் உட்பெயர்கள் மிகை எனக்கொண்டு அவற்றை நீக்குவதுண்டு. இறுதிப்புள்ளி சேர்த்து வரிசைப்படுத்திய பட்டியலில் இது எளிது. கடைசியாக விட்டுவைத்த பெயரை நினைவில் கொண்டு, அடுத்து வரும் பெயர் அதனையே முன்னொட்டாகக் கொண்டிருந்தால் நீக்கவேண்டும், இல்லையேல் அதனை விட்டுவைக்கவேண்டும். 'ஆக்' மொழியில் இது இரண்டு மூன்று வரிகளில் முடியும். இறுதிப்புள்ளி இல்லாத பட்டியலில், முற்கூறிய எக்சாம்பிள்-ஷாப் இடையில் வந்து நினைவில் இருந்த தாய்ப்பெயரை அகற்றிவிடும். அடுத்து வரும் உட்பெயர் நீங்காது. புள்ளியின்றி முன்னொட்டை ஒப்பிட்டால் இதைவிடக் கேடு நேரும். எக்சாம்பிள் பட்டியலில் இருப்பதாலேயே எக்சாம்பிள்-ஷாப் அதன் உட்பெயர் எனக் கருதப்பட்டு நீக்கப்படும்.

எவ்வகைப் பட்டியலில் உட்பெயர்களை நீக்கலாம் என்பது, பட்டியலைப் படிக்கப்போகும் மென்பொருளைப் பொறுத்தது. டிஎன்எஸ்மாஸ்க், அன்பவுண்ட் போன்ற பெயர் வழங்கி மென்பொருள்களில் ஒரு பெயரைத் தடுத்தால் அதன் கீழுள்ள அனைத்தும் தடுக்கப்படும்படி அமைக்கலாம். அங்கு உட்பெயர்கள் மிகையே. இயங்குதளத்தின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பிலோ ஒவ்வொரு பெயரும் தனித்தனி. அங்கு தாய்ப்பெயரை எழுதுவதால் உட்பெயர் தடைபடாது. ஒன்றுக்காகச் சுருக்கிய பட்டியலை மற்றொன்றில் இட்டால், தடைசெய்ததாக நம்பிய பல பெயர்கள் திறந்தே கிடக்கும்.

மறுபுறம், பட்டியலில் தவறுதலாக ஒரு பொது ஈறு புகுந்துவிட்டால் அது பல்லாயிரம் பெயர்களை விழுங்கிவிடும். .கோ.யூகே, .ஏசி.எல்கே முதலியவை ஒரே உரிமையாளரின் ஆள்களங்கள் அல்ல, பலர் பதிவுசெய்யும் ஈறுகள். 'சார்ட்' இந்த வேறுபாட்டை அறியாது. இதற்கென மொசில்லா தொடங்கிய பொது ஈற்றுப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

மொழிச்சூழல் அமைப்பு

'சார்ட்' எந்த வரிசையைப் பின்பற்றும் என்பதை லோக்கேல் எனப்படும் மொழிச்சூழல் அமைப்பு தீர்மானிக்கிறது. 'சி' என்னும் அமைப்பில் பைட்டுகளின் எண்மதிப்பே வரிசை. ஆங்கிலம் முதலிய இயற்கைமொழி அமைப்புகளில் அகராதி வரிசை பின்பற்றப்படும். அது கணினிக்குக் கணினி, பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது.

2018 ஆகத்து மாதம் வெளியான குனூ சி நிரலகத்தின் 2.28 ஆம் பதிப்பு இதற்குச் சான்று. அதற்கு முந்தைய பதிப்புகளில், அமெரிக்க ஆங்கில அமைப்பில் '11', '1-1' ஆகிய இரு வரிகளை வரிசைப்படுத்தினால் '11' முதலில் வரும். முதற்சுற்று ஒப்பீட்டில் நிறுத்தக்குறிகள் கணக்கில் கொள்ளப்படாததே காரணம். 2.28 முதல் '1-1' முதலில் வருகிறது. இம்மாற்றத்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளங்களில் பழைய வரிசையில் கட்டப்பட்ட அட்டவணைகள் பழுதாகி, அவற்றை மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. புள்ளியும் இடைக்கோடும் நிறைந்த ஆள்களப் பெயர்ப் பட்டியலில் இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது.

'காம்', 'ஜாயின்' ஆகியவை தம் உள்ளீடுகள் ஏற்கெனவே வரிசையில் உள்ளன என்று கொண்டே இயங்குகின்றன. ஒரு பட்டியல் ஓரமைப்பிலும் மற்றது வேறமைப்பிலும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தால், இரண்டிலும் உள்ள பெயரையே ஒன்றில் மட்டும் உள்ளதாகக் காட்டக்கூடும். ஆகவே, எல்சி-ஆல் என்னும் சூழல் மாறிக்கு 'சி' மதிப்பை அளித்து, குழாயில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் அதன்கீழ் இயக்குவது நடைமுறை. தத்தல் குறியைக் கொண்டு செய்யும் தீர்வும் இவ்வமைப்பில் மட்டுமே உறுதியானது.

'சி' அமைப்பில் ஒப்பீடு விரைவாகவும் நடைபெறும். 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட .காம் வலயத்தைப் போன்ற பெரிய பட்டியல்களில் இது பொருட்படுத்தத்தக்க ஆதாயம். நினைவகத்தில் அடங்காத கோப்பை 'சார்ட்' பகுதிகளாகப் பிரித்து வரிசைப்படுத்தி, தற்காலிகக் கோப்புகளில் எழுதிப் பின் இணைக்கிறது. தற்காலிக அடைவில் இடம் போதாவிடின் பணி இடையில் நின்றுவிடும். பேரெழுத்து 'டீ' விருப்பத்தால் வேறு அடைவைக் குறிக்கலாம்.

டிஎன்எஸ்செக் முறைவரிசை

ஆள்களப் பெயர்களுக்கு அதிகாரப்பூர்வமான வரிசை ஒன்று உண்டு. அது 2005 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 4034 இல் வரையறுக்கப்பட்டது. வலக்கோடிக் கூறில் தொடங்கிக் கூறு கூறாக ஒப்பிடவேண்டும். ஆங்கிலப் பேரெழுத்தைச் சிற்றெழுத்தாகக் கொள்ளவேண்டும். ஒரு கூறு முடிந்துவிட்ட இடம் எந்த எண்மிக்கும் முற்பட்டது. தத்தல் குறியால் பெறும் வரிசை, வழக்கமான புரவலர் பெயர்களைப் பொறுத்தவரை இதனுடன் ஒத்துப்போகிறது.

இவ்வரிசை அழகுக்காக எழுந்ததன்று. டிஎன்எஸ்செக் பாதுகாப்பில் என்செக் என்னும் பதிவு, இப்பெயருக்கு அடுத்து இருப்பது இன்ன பெயர் என்று ஒப்பமிட்டுக் கூறுகிறது. இரண்டுக்கும் இடையில் விழும் எந்தப் பெயரும் இல்லை என்பதற்கு அதுவே சான்று. வரிசை பிறழ்ந்தால், இருக்கின்ற பெயரொன்று இல்லை என்று ஒப்பத்துடன் மெய்ப்பிக்கப்பட்டுவிடும். ஒப்பமிடும் மென்பொருள்கள் இவ்வரிசையைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. இத்தொடரைப் பின்பற்றி வலயத்தின் எல்லாப் பெயர்களையும் அறிந்துகொள்ள முடிந்ததால், 2008 இல் ஆர்எஃப்சி 5155 மூலம் என்செக்3 அறிமுகமானது. அதில் பெயர்களுக்கு மாற்றாக அவற்றின் குறுக்கப் பெறுமானங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன.

தமிழ் ஆள்களப் பெயர்கள்

தமிழில் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை ஆள்களங்கள் உள்ளன. இவற்றுக்கு முன்னர், 2007 அக்டோபரில் சோதனைக்கென .பரிட்சை என்னும் ஈறு வேர்வலயத்தில் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. ஆள்களப் பெயர் முறைமையில் இவை தமிழ் எழுத்தில் பயணிப்பதில்லை. 2003 இல் ஆர்எஃப்சி 3492 வரையறுத்த பனிகோடு முறையில், எக்ஸ், என், இரண்டு இடைக்கோடுகள் ஆகியவற்றில் தொடங்கும் ஆஸ்கி கூறாக மாற்றப்படுகின்றன.

மாற்றப்பட்ட கூறுகளின் வரிசைக்கும் தமிழ் அகரவரிசைக்கும் தொடர்பில்லை. மேற்கண்ட மூன்று ஈறுகளையும் பனிகோடு வடிவில் வரிசைப்படுத்தினால் சிங்கப்பூர், இலங்கை, இந்தியா என்று வரும். தமிழ் அகரவரிசையோ இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். படிப்பவர்களுக்கான பட்டியல் எனில், குனூ திட்டத்தின் 'ஐடிஎன்2' கருவி கொண்டு தமிழ் எழுத்துக்கு மாற்றியபின் வரிசைப்படுத்தவேண்டும்.

அப்போதும் 'சி' அமைப்பு போதாது. ஒருங்குறியில் ன எழுத்து ந எழுத்தை அடுத்தும், ற எழுத்து ர எழுத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. 'மதம்', 'மரம்', 'மனம்' என்று மரபில் நிற்கவேண்டிய சொற்கள், குறியெண் வரிசையில் 'மதம்', 'மனம்', 'மரம்' என்று வரும். புள்ளிக்குறியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது என்பதால், மெய்யெழுத்து தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் தள்ளப்படுகிறது. 'ரெவ்' தமிழ்ப் பெயரைத் திருப்பும்போது குறிகளைத் தனித்தனியாகவே திருப்புகிறது. 'தமிழ்' என்பதில் புள்ளியும் உயிர்க்குறியும் தத்தம் மெய்க்கு முன்னால் சென்று, இடைநிலையில் படிக்க இயலாத வடிவம் தோன்றும். மீண்டும் திருப்பினால் பழைய வடிவம் வந்துவிடும்.

ஒருங்குறி ஒப்பீட்டு நெறிமுறையின் இயல்பு அட்டவணை தமிழ் மெய்களை மரபு வரிசையிலேயே அடுக்குகிறது. ஆதலால் அதனைப் பின்பற்றும் மொழிச்சூழல் அமைப்பில் இக்குறைகளுள் பெரும்பகுதி நீங்கும். ஆனால் அவ்வாறு அடுக்கிய பட்டியலை, 'சி' அமைப்பில் இயங்கும் 'காம்' கட்டளைக்கு உள்ளீடாக அளிக்க இயலாது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் பட்டியலுக்கு, ஒப்பீட்டுக்கெனப் பனிகோடு வடிவில் ஒரு கோப்பும், வாசிப்புக்கெனத் தமிழ் எழுத்தில் அதிலிருந்து உருவாக்கப்படும் வேறொரு கோப்பும் தனித்தனியே தேவைப்படுகின்றன.